ஏறுவது லேசு: சின்ன ஸ்கூட்டியில் ஹட்டனிலிருந்து பதுளைக்குப் போய்வரும் விதம்

ஸ்கூட்டியில் பதுளைக்குப் போகிறேன் என்று சொன்னால் இலங்கை மலையகத்து ஹட்டனில் கேட்கிற முதல் கேள்வி, "அது ஏறுமா?" என்பதுதான். ஏறும். 110 சீசீ வண்டி முக்கி முனகி, லொறிக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு, எப்படியும் ஏறிவிடும். ஒழுங்காக இறங்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

2022, பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம். நுவரெலியாவைத் தாண்டியதும், "இனி இறக்கம்தானே மச்சான், எஞ்சினை ஓஃப் பண்ணிட்டு உருட்டு, பெற்றோல் மிச்சம்" என்று கூட்டாளி சொன்ன யோசனை எனக்கும் நல்லதாகப் பட்டது. ஹக்கலை தாண்டி நாலாவது வளைவோ ஐந்தாவது வளைவோ, இரண்டு பிரேக் பிடியும் ஹேண்டில் வரை வந்து ஒட்டிக்கொண்டன. வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி, லீக்ஸ் பாத்திக்கு ஓரமான வடிகானுக்குள் போய் விழுந்தோம். களை பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "என்னா தம்பி, லீக்ஸ் வாங்கவா வந்தீங்க?" என்றார். முழங்கை தோல் போனதோடு தப்பினேன். அதற்குப் பிறகு பலமுறை போய்வந்துவிட்டேன். முதல் தடவை போகிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதல் படி: கராஜில் ஒரு காலைப்பொழுது

போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே வண்டியை மெக்கானிக் பாஸிடம் காட்டுங்கள். முதல் நாள் காட்டினால், மாற்றிய சாமானில் கோளாறு இருந்தாலும் வழியில்தான் தெரியவரும்.

பிரேக்கைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சில்லையும் கழற்றி, சில்லோடு சுற்றும் டிரம்முக்குள் இருந்து அதை உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பளபளத்த ஷூ பிடிக்காது. கேபிளில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். மலிவான சாமான்தான்.

அடுத்தது பெல்ட். ஸ்கூட்டிக்குச் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான் பின் சில்லுக்குப் பலத்தைக் கொண்டுபோகிறது. ஓரத்தில் வெடிப்பு இருந்தால் அது நானுஓயா ஏற்றத்தில்தான் அறும், வீட்டு வாசலில் அறாது. 20,000 கிலோமீற்றரைத் தாண்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் ஒயிலோடு பின் சில்லு பக்கத்து கியர் ஒயிலையும் மாற்றச் சொல்லுங்கள். இந்த இரண்டாவதைப் பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்தே மாற்றியிருக்க மாட்டார்கள்.

டயருக்குக் காற்று எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும். என் வண்டிக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் ஏறினால் 36. பத்து அங்குலச் சில்லு குழியில் முழுசாக இறங்கிவிடும் என்பதால் காற்றுக் குறைவாக இருந்தால் ரிம் அடிபடும்.

காகிதங்கள்: லைசன், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம். 100 சீசீக்கு உட்பட்ட வண்டிக்கு ஏ1 வகுப்பு போதும். 110, 125 சீசீ ஸ்கூட்டிகளுக்கு ஏ வகுப்பு வேண்டும். தங்கச்சியின் பழைய 88 சீசீ வண்டியில் பழகிவிட்டு அண்ணனின் 110ஐ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாம் படி: ஏறப் பழகுதல்

இதற்கு அதிகம் தேவையில்லை. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் எஞ்சினின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், காற்று மெலிவதுதான் காரணம். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கே வண்டி மந்தமாக இழுத்தால் பழுது என்று பயப்படாதீர்கள்.

செய்யக்கூடாத ஒன்று மட்டும் உண்டு. ஏற்றத்தில் வாகன நெரிசலில் நிற்கும்போது, பின்னால் உருளாமல் இருக்க எக்ஸிலேட்டரை லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எஞ்சினைப் பின் சில்லோடு இணைக்கும் கிளச் ஷூ உள்ளே உரசி எரியும். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள், கிளம்பும்போது மட்டும் முறுக்குங்கள். ரப்பர் கருகும் வாடை வந்தால் ஒரு பிளேன்டி குடிக்கும் நேரம் ஓரங்கட்டுங்கள்.

மூன்றாம் படி: இறங்கப் பழகுதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் இரண்டாம் கியருக்குக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஸ்கூட்டியிலும் அந்தப் பிடிப்பு உண்டு, ஆனால் நீங்கள் விட்டுவிட்டால் போய்விடும். காரணம் கிளச். பின் சில்லு பக்கத்தில், சில்லோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணம் இருக்கிறது. அதற்குள் எஞ்சினால் சுழலும் ஷூக்கள், வேகமாகச் சுழன்றால் விரிந்து கிண்ணத்தைக் கவ்வும், மெதுவானால் சுருங்கி விட்டுவிடும். எக்ஸிலேட்டரை மூடி, வேகம் 10, 15 கிலோமீற்றருக்குக் குறைந்தால் ஷூ விட்டுவிடும். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் வண்டி சைக்கிள்தான், நூறு கிலோ சைக்கிள்.

அதற்குப் பிறகு இறக்கத்தில் வண்டி எவ்வளவு வேகம் எடுத்தாலும் ஷூ தானாகக் கவ்வாது. ஷூவைச் சுழற்றுவது எஞ்சின்தான், சில்லின் வேகம் அதற்குத் தெரியாது. எஞ்சினை நிறுத்திவிட்டு உச்சியிலிருந்து உருட்டிய என் கதி இதுதான். பாரம் முழுக்க இரண்டு சின்ன டிரம்மில் விழுந்தது. சூடேறிய டிரம் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகும், பிடி உள்ளே உள்ளே போகும், கடைசியில் ஒன்றும் இருக்காது.

ஆகவே இப்படி இறங்குங்கள். எஞ்சின் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில், இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒருமுறை நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே இறங்குவது பத்திரம் போலத் தோன்றும், டிரம்மைச் சுட வைப்பது அதுதான். பிடி, விடு, பிடி, விடு. வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு போவது போல இலேசாகத் தெரிந்தால் கிளச் விட்டுவிட்டது என்று அர்த்தம். எக்ஸிலேட்டரை ஒரு நொடி முறுக்கி மூடுங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, வண்டி பின்னால் இழுபடுவதை இடுப்பில் உணர்வீர்கள். இறக்கத்தில் எக்ஸிலேட்டரை முறுக்கு என்று சொல்வது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். செய்து பாருங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீற்றர் இறக்கத்தைத் தேர்ந்தெடுத்து, போக்குவரத்து இல்லாத காலையில் பத்துமுறை இறங்குங்கள். முதலில் தனியாக, பிறகு பின்னால் ஆளோடு. கீழே வந்ததும் சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்ட உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். அனல் அடித்தால் இன்னும் அதிகமாகப் பிரேக் பிடிக்கிறீர்கள். முதல் நாள் எனக்கு அடுப்பு மாதிரி இருந்தது, நாலாம் நாள் வெதுவெதுப்புதான்.

பயணத்தில் பிடி வழக்கத்தைவிட உள்ளே போனால் உடனே நிறுத்தி கால் மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சுட்ட இரும்பு வெடிக்கும். எந்த நேரமும் மலை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று மனதில் வைத்திருங்கள். நிறுத்த முடியாமல் போனால் சாய வேண்டியது மலைப்பக்கம். இதை அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

நான்காம் படி: மூட்டை

சீட்டுக்கு அடியில் மழை உடுப்பும் ஸ்பெனர்களும். உடுப்புப் பை கால் வைக்கும் இடத்தில், கால்களுக்கு நடுவே. பாரமானதைப் பின்னால் கட்டினால் ஏற்றத்தில் முன் சில்லு இலேசாகி ஹேண்டில் ஆடும். உடுப்பை ஒவ்வொன்றாகச் சொப்பிங் பேக்கில் சுற்றுங்கள், நனையாத பை என்று விற்பவை எல்லாம் தலவாக்கலை மழையில் நனையும். கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டால் விரல் விறைக்காது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், சிரிப்பவர்கள் பிறகு கடனாகக் கேட்பார்கள்.

ஸ்பார்க் பிளக் ஒன்று, அதைக் கழற்றும் சாவி, டியூப்லெஸ் டயருக்கு ஒட்டுத்திரி, கைப்பம்ப், ஹெட்லைட் பல்ப். இவை போதும். ஹெல்மட் இரண்டு பேருக்கும், பட்டியைப் பூட்டி.

ஐந்தாம் படி: நாள் பார்த்தல்

மலைக்கு இரண்டு பக்கம், மழைக்கும் இரண்டு பக்கம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கும், அப்போது பதுளை காய்ந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை பதுளைப் பக்கம். முதல் பயணத்துக்கு பெப்ரவரியும் மார்ச் முற்பகுதியும் நல்லது. ஏப்ரலில் நுவரெலியா சீசன், ரவுனுக்குள் நுழையவே ஒரு மணித்தியாலம் போகும். ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். பின்னேர இடிமழையும் மண்சரிவும் அந்த மாதங்களில்தான். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டம் சரிந்தது 2014 ஒக்டோபர் 29. டிட்வா புயல் மலையக வீதிகளை அறுத்தது 2025 நவம்பர் இறுதியில். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். நீங்கள் கடக்கும் பிரதேசத்தில் மஞ்சள் இருந்தாலே தள்ளிப்போடுங்கள். வீதி திறந்திருக்கிறதா என்று தெரிய, பஸ் ஸ்டாண்டில் "இன்னிக்கு வெலிமடை பஸ் ஓடுதா அண்ணே?" என்று கேளுங்கள். போனில் இருக்கும் வரைபடத்தைவிட அந்த அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறாம் படி: பாதை, மூன்று நாள்

முதல் நாள் ஹட்டனிலிருந்து பதுளை, நூறு கிலோமீற்றரை ஒட்டி வரும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் கொழுந்து லொறிகளுக்கு முந்திவிடலாம். கொட்டகலை தாண்டி டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகள் வரும். படம் எடுப்பதென்றால் வண்டியை வீதியை விட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள். தலவாக்கலையில் டேங்கை நிரப்புங்கள். ஐந்து லீற்றர் சொச்சம்தான் கொள்ளும், மலையில் லீற்றருக்கு 35, 40 கிலோமீற்றர்தான் ஓடும். பாதி குறைந்ததும் கண்ணில் பட்ட பெற்றோல் ஷெட்டுக்குள் நுழைவதை வழக்கமாக்குங்கள்.

நானுஓயா பக்கத்து ரதல்ல குறுக்கு வீதியைப் பற்றி ஒரு வார்த்தை. தூரம் குறையும் என்று அதற்குள் போக வேண்டாம். 2023 ஜனவரியில் ஏழு பேர் இறந்த பஸ் விபத்து அந்த இறக்கத்தில்தான். பெரிய வாகனமே பிரேக் இல்லாமல் வந்த வீதியில் புதியவருக்கு வேலையில்லை.

நுவரெலியா தாண்டி சீதை அம்மன் கோவிலில் பத்து நிமிடம் இருங்கள். கும்பிட விரும்பாதவர்களும் இருங்கள், அங்கிருந்து நீண்ட இறக்கம் தொடங்குகிறது, கை ஓய்ந்திருக்க வேண்டும். 1,868 மீற்றரிலிருந்து பதுளையின் 680க்குப் போகிறீர்கள், அறுபது கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய 1,200 மீற்றர். ஹக்கலையில் மூடுபனி இருந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வையுங்கள், உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கெப்பட்டிப்பொலையில் மரக்கறி லொறிகள் வீதியில் சேற்றையும் கோவா இலையையும் கொட்டிவிட்டுப் போகும். வளைவின் உட்பக்கம் வானவில் நிறத்தில் மினுங்கினால் அது பஸ் சிந்திய டீசல், அதன்மேல் பிரேக்கைத் தொடாதீர்கள். ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிடுவது நம் வழக்கம். பஸ்ஸிடம் அந்த வழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள், அது ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

இரண்டாம் நாள் சின்னது. ஹாலி எல, தெமோதரை வழியாகக் கும்பல்வெலச் சந்திக்கு வந்து, விருப்பம் என்றால் எல்ல பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பண்டாரவளை ஊடாக ஹப்புத்தளையில் தங்குங்கள். பெரும்பாலும் ஏற்றம் என்பதால் கை வலிக்காது. ஹப்புத்தளையில் பின்னேரம் தெற்குப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து முகில் ஏறி வந்து ரவுனையே மூடிவிடும், நாலு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். மூன்றாம் நாள் பொரலந்தை வழியாக, முதல் நாள் தாண்டிய வெலிமடைக்கு வந்து, வந்த வழியே ஹட்டன்.

விபத்து என்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். பொலிஸ் 119. தோட்டப்பகுதிகளில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, கிட்ட இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு நடந்தால் போனுக்கு முன் தேத்தண்ணி வந்துவிடும்.

திரும்பி வந்து அடுத்த நாளே டிரம்மைத் திறந்து கறுப்புத் தூளைத் தட்டச் சொல்லுங்கள். என் பாஸ் அந்தத் தூளை ஒரு கடதாசியில் கொட்டி என்னிடம் காட்டுவார். முதல் பயணத்தில் ஒரு மேசைக்கரண்டி இருந்தது. போன மாதம் ஒரு சிட்டிகை.