லைப்ரரியைப் பாவிக்க முதல் அதன் டெஸ்டுகளை இரண்டு தடவை ஓட்டுங்கள்

சி, சி ப்ளஸ் ப்ளஸ் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றைச் சேர்க்க முதல், அதனோடு வரும் டெஸ்டுகளை இரண்டு தடவை கொம்பைல் பண்ணி ஓட்டுங்கள்: முதலில் அட்ரஸ் சானிடைசரோடு (மெமரிப் பிழைகளைப் பிடிப்பது), பிறகு த்ரெட் சானிடைசரோடு (ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்டுகளின் மோதலைப் பிடிப்பது). இரண்டும் ஜிசிசி, கிளாங் என்ற கொம்பைலர்களில் இலவசம். ஒரே பில்டில் இரண்டையும் போட ஏலாது.

ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் தேடுவதை விட இது எவ்வளவோ மேல். மெமரியைத் தொடும் இடமெல்லாம் கொம்பைலரே ஒரு சோதனையைச் செருகிவிடும். விடுவித்த மெமரியைத் திரும்பத் தொட்டால், அட்ரஸ் சானிடைசர் தொட்ட இடம், விடுவித்த இடம், முதலில் ஒதுக்கிய இடம் மூன்றையும் காட்டும். வரி எண் வேண்டுமென்றால் டிபக் தகவலோடு கொம்பைல் பண்ணவேண்டும். த்ரெட் சானிடைசரோ, பூட்டில்லாமல் இரண்டு த்ரெட்டுகள் ஒரே மாறியில் மோதுவதைப் பிடிக்கும். ஆனால் இதில் வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், ராமையும் விழுங்கும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ 4 ஜிபி லெப்டொப்பில் ஃபைனல் இயர் புரொஜெக்ட் செய்கிறவர்கள் பிரவுசரை மூடிவிட்டே ஓட்டுங்கள்.

டெஸ்ட் தொடாத கோடில் உள்ள பிழை இதில் அகப்படாது. டெஸ்டே இல்லாத லைப்ரரி என்றால், நான் வேறொன்றைத்தான் தேடுவேன். கொம்பைல் பண்ணிய பைலாக மட்டும் வருபவற்றுக்கும் சரிவராது. அவற்றோடு சேர்த்து ஓட்டினால் த்ரெட் சானிடைசர் பொய் எச்சரிக்கையும் தரலாம்.