ஆர்எக்ஸ் 100: போர் போடுவதற்கு முன் சீலைப் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வருஷம் கொட்டகை ஓரத்தில் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை வாங்கி வந்து எழுப்பும் ஆசை இப்போது நிறைய இளைஞர்களுக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் இந்த வேலையில் முன்னால் இறங்கியவர்கள் பட்ட அதே பாட்டை அவர்களும் வரிசை மாறாமல் படுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. பெட்ரோல் டியூப் மாற்று, பேட்டரி மாற்று என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடலாம். மற்றபடி அடிக்கடி நடக்கும் தப்புகளைத்தான் கீழே ஒவ்வொரு தலைப்பாக வைத்திருக்கிறேன்.

நம்பர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

எஸ்கார்ட்ஸ் இந்த வண்டியைத் தயாரித்தது 1985 முதல் 1996 வரை. இன்ஜின் 98 சிசி. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 50 மி.மீ. பின்னால் வந்த ஆர்எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50தான், போர் மட்டும் 58. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனால் 135 இன்ஜினை ஏற்றிய வண்டியும் 'ஒரிஜினல் 100' என்ற பெயரில் கைமாறுகிறது. சந்தேகம் இருந்தால் ஹெட்டைக் கழற்றி வெர்னியர் அளவுகோல் வைத்துப் போரை அளந்துவிடுங்கள்.

சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, ஆர்சி புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிக்கும் இடத்தில் நம்பர் தெளிவாகத் தெரியாவிட்டால் வேலை நின்றுவிடும். ஃப்ரேமைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும்போது நம்பர் இருக்கும் இடத்தை மூடி ஒட்டச் சொல்லுங்கள். மணல் அடித்தால் எழுத்து மங்கும், மேலே பவுடர் ஏறினால் அடைந்துவிடும்.

சாதாரண ஸ்டார் டிரைவர்

ஜப்பான் டிசைன் வண்டியின் ஸ்க்ரூ தலைகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டியவை. பார்ப்பதற்குப் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் டிரைவர் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே வந்து தலையைத் தின்றுவிடும். கார்பரேட்டர் ஸ்க்ரூவுக்கு 2-ஆம் நம்பர், இன்ஜின் கவர்களின் 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3-ஆம் நம்பர் ஜேஐஎஸ் பிட். கவரைக் கழற்ற, சுத்தியால் தட்டும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். முதல் நாள் இரவே துருநீக்கி அடித்து ஊறவிடுங்கள்.

பழைய சீல் மேல் புது போர்

இதை எத்தனை முறை சொன்னாலும் ஆறவில்லை. நடப்பது இப்படித்தான்: வண்டியில் இழுவை இல்லை, சத்தம் வருகிறது. சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி லேத்தில் கொடுத்து, உள்ளே 0.25 மி.மீ. பெரிதாகக் கடைந்து ஓவர்சைஸ் போர், புது பிஸ்டன், புது ரிங். மாட்டியதும் ஒரே உதையில் ஸ்டார்ட். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் பைபாஸில் ஏறி மூன்றாம் கியரில் முறுக்கியதும் பின் சக்கரம் இறுகி நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கீறல். லேத்காரர் மேல் பழி. இரண்டாவது போர் 0.50. இரண்டாம் வாரம் அதுவும் ஜாம்.

பிளாக்குக்கு 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கே ஓவர்சைஸ். அதில் இரண்டு ஒரே மாதத்தில் போய்விட்டது. லேத்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது ஒருவழிக் கதவு மாதிரியான ரீட் வால்வ் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வரவேண்டும். கிராங்கின் ஒரு முனையில் இருக்கும் மேக்னெட் பக்கத்து ஆயில் சீல், அதாவது கிராங்கைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம், விறைத்துப்போயிருந்தால் அந்த வழியாகவும் காற்று புகும். அந்தக் காற்றில் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்பு லைனரைவிட அதிகம் விரியும். நடுவில் இருப்பதோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான். அது அடைந்ததும் ஜாம்.

நின்ற வண்டியில் சீல் ஏன் போகிறது என்றால், ரப்பர் காய்ந்து விறைக்கும், அதன் உதடு உட்காரும் இடத்தில் கிராங்க் துருப்பிடிக்கும். மறுபடி ஓட ஆரம்பித்ததும் அந்தத் துரு உதட்டை அரம் மாதிரி அறுக்கும்.

வண்டி முன்கூட்டியே சொல்லும். சூடானபின் ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் உடனே இறங்காது, பிளக் வெளுத்திருக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் அடையாளம் வேறு: கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும், புகை அடங்காது.

போருக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை போதும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட்டும் இரும்புத் தகடும் வைத்து இறுக்குங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். கார்பரேட்டர் உட்காரும் ரப்பர் வாயில் ஒரு கார்க் அடைத்து, அதில் டியூப் வால்வைச் செருகுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பையும் மீட்டரையும் அந்த வால்வில் இணைத்து 250 மி.மீ. பாதரசம் வரை காற்றேற்றுங்கள். அது கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலின் உதடும் மடங்கிவிடலாம். ஆறு நிமிஷம் காத்திருங்கள். நிமிஷத்துக்கு 50-க்கு மேல் முள் இறங்கினால் கசிவு நிச்சயம். புதிதாகக் கோர்த்த இன்ஜினில் முள் அசையவே கூடாது.

இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள்: பிளாக்கின் அடி பேக்கிங், ரீட் வால்வ் மூட்டு, கார்பரேட்டர் ரப்பரின் வெடிப்புகள், மேக்னெட்டின் பின்புறம். கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்பு நுரையைப் பரப்பி, அது உப்பினால் கிளட்ச் பக்கத்து சீல்.

சீலை மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கேஸ் பிரிந்திருக்கும்போது கிராங்க் பேரிங்கையும் விட்டுவைக்காதீர்கள். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள்; அந்தத் திசையில் துளி ஆட்டமும் கூடாது, பக்கவாட்டில் கொஞ்சம் இருக்கலாம். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவாமல் மாட்டக் கூடாது. மேக்னெட்டைக் கழற்ற மரை உள்ள புல்லர் கிடைக்கிறது. சுத்தியால் அடித்தால் கிராங்க் கோணும். கோணிய கிராங்கில் புது சீலும் நிலைக்காது.

ஆயில் பம்பில் காற்று

ஆயில் டியூபைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் பம்பின் பிளீடிங் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஆயிலை வடியவிடுங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 30 மி.லி. 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலையும் கலந்துவிடுங்கள். பம்ப் வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்தபின் கலப்பதை நிறுத்தலாம்.

சைலன்சர் உள்குழாயைப் பிடுங்குவது

கரியைச் சுரண்டுங்கள். குழாயைத் தொடாதீர்கள்.

இன்ஜின் வேலை முடியும் முன் பெயிண்ட்

வேண்டாம்.

பழைய பாகங்களைத் தூக்கிப் போடுவது

துருப்பிடித்த மட்கார்டு, உடைந்த இண்டிகேட்டர், வளைந்த ஃபுட்ரெஸ்ட் எல்லாம் கடைசி போல்ட் இறுகும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். சென்னை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகளில் வாங்கிய டூப்ளிகேட் மட்கார்டின் துளைகள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், சரியான இடம் எது என்று பழையதை மேலே வைத்துத்தான் குறிக்க முடியும்.