பெல்ஜியப் பதக்கங்கள்: ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நாணயம் சேகரித்துப் பழகியவர்கள் பதக்கத்தின் பக்கம் வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். உலோகத்தில் ஓர் ஆண்டு பொறித்திருந்தால், அந்த ஆண்டில் அடித்தது என்று நம்பிவிடுவது. பெல்ஜியப் பதக்கங்களில் இந்த நம்பிக்கை கையைக் கடிக்கும். அவற்றில் இருப்பது பெரும்பாலும் நிகழ்ச்சி நடந்த ஆண்டு. பதக்கம் செய்த ஆண்டு வேறு. நடுவே ஐம்பது வருடம்கூட ஓடியிருக்கலாம்.

நெருப்புச் சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் முன்னணியில் நின்று குண்டுவீச்சைச் சந்தித்தவர்களுக்கான பதக்கம் இது. ‘தாய்நாட்டின் நலமே தலையாய சட்டம்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகமும் 1914-1918 என்ற ஆண்டுகளும் அதில் உண்டு. ஏலப் பட்டியலில் ‘போர்க்கால அசல்’ என்று போட்டு விற்பார்கள். ஆனால் இந்தச் சிலுவையை நிறுவிய அரச ஆணையே 1934 பிப்ரவரி 6 அன்றுதான் வந்தது. அதாவது போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. (போரில் படைக்குத் தலைமை தாங்கிய ஆல்பர்ட் அரசர் பாறையேறும்போது விழுந்து இறந்தது அதே மாதம் 17-ஆம் தேதி.) ஆகவே பதுங்குகுழியில் ஒரு வீரன் நெஞ்சில் அணிந்த நெருப்புச் சிலுவை என்று ஒன்று இருக்கவே முடியாது. அப்படிக் கதை சொல்லி விற்பவரிடம் பேரம் பேசவும் வேண்டாம்.

இது தனி விதிவிலக்கு இல்லை. ஈசர் ஆற்றங்கரைப் போர் நடந்தது 1914 அக்டோபரில். ஈசர் பதக்கம் நிறுவப்பட்டது 1918 அக்டோபரில், அது ஈசர் சிலுவையாக மாறியது 1934-இல். 1870-1871 என்று பொறித்த நினைவுப் பதக்கத்தை நிறுவியது ஆல்பர்ட் அரசர், 1911-இல். 1830 புரட்சித் தொண்டர்களுக்கான நினைவுச் சிலுவை வந்தது 1878-இல், அதற்குள் தொண்டர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னொன்று ஆல்பர்ட் ஆட்சி நினைவுப் பதக்கம். அதில் இருப்பது 1909-1934, நிறுவப்பட்டது 1962-இல்!

தலைகீழாகவும் நடக்கும். ஆல்பர்ட்டின் மனைவி எலிசபெத் அரசி பெயரிலான பதக்கத்தின் பின்பக்கத்தில் 1914-1916 என்று இருக்கும். அதைப் பார்த்து 1916-க்குப் பிறகு ஆற்றிய சேவைக்கு இது கிடைக்காது என்று முடிவுகட்டினால் தவறு. பதக்கத்தை 1916-இல் நிறுவினார்கள், அதற்குப் பிந்திய நிவாரணப் பணிக்கும் கொடுத்தார்கள்.

எனவே ஒரு பெல்ஜியப் பதக்கம் கைக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது அதை நிறுவிய அரச ஆணையின் தேதி. அதற்கு முன்னால் அது இருந்திருக்காது. அங்கிருந்து தொடங்கி, எவ்வளவு பின்னால் போகும் என்று ஒவ்வோர் அடையாளமாகப் பார்க்க வேண்டும்.

அரசரின் எழுத்து யாருடையது?

அடுத்த குழி மோனோகிராம், அதாவது பெயரின் முதலெழுத்தைக் கொண்டு செய்த அடையாளம். லியோபோல்ட் ஆர்டரை (ஆர்டர் என்றால் வகுப்புகள் கொண்ட அரச கௌரவ விருது) 1832 ஜூலை 11 அன்று முதலாம் லியோபோல்ட் நிறுவினார். அதன் பின்பக்கத்தில் வழக்கமாக இருப்பது அவருடைய மோனோகிராம். அவர் இறந்தது 1865-இல் என்பதால், அதைக் கண்டதும் ‘1865-க்கு முந்தியது’ என்று எழுதிவிடுகிறார்கள். அது நிறுவியவரின் அடையாளம். ஆட்சி மாறினாலும் அது மாறவில்லை. 1930-களில் செய்த சிலுவையிலும் அதே எழுத்துத்தான் இருக்கும். மகுட ஆர்டரில் உள்ள இரட்டை ‘எல்’லும் அப்படியே. அது இரண்டாம் லியோபோல்டைக் குறிக்கிறது, அவர் 1909-இல் இறந்த பிறகும் தொடர்ந்தது.

போர்ச் சிலுவையில் இந்த விதி செல்லாது. 1915 அக்டோபரில் நிறுவிய சிலுவையில் ஆல்பர்ட்டின் ‘ஏ’ இருக்கும். இரண்டாம் உலகப் போருக்காக லண்டனில் தஞ்சமிருந்த பெல்ஜிய அரசு 1941-இல் நிறுவியதில் மூன்றாம் லியோபோல்டின் ‘எல்’ இருக்கும். நாடாவில் பச்சைக் கோடுகளின் அமைப்பும் இரண்டு போர்களுக்கும் வேறுவேறு. நாடாவின்மேல் குத்தும் சிறிய பனையோலைச் சின்னத்திலும் இதே எழுத்துகள்தான், அவை எந்தப் போர் என்று சொல்லிவிடும். ஆனால் அந்த ஓலையைக் கழற்றி வேறொன்றில் குத்த அரை நிமிடம் போதும். ஆகவே ஓலை மட்டுமே சாட்சி என்றால் நான் அதை நம்ப மாட்டேன்.

மொழி சொல்வதும் சொல்லாததும்

‘ஒற்றுமையே வலிமை’ என்ற பெல்ஜியக் குறிமொழி லியோபோல்ட் ஆர்டரில் 1951 வரை பிரெஞ்சில் மட்டுமே இருந்தது. பிறகு டச்சும் சேர்ந்தது. இரண்டாம் லியோபோல்ட் ஆர்டரிலும் அப்படியே. சேகரிப்பாளர்கள் கையில் இருக்கும் மிக எளிய காலக்கணக்கு இதுதான், அதனாலேயே மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவதும் இதுதான்.

இரண்டு மொழி இருந்தால் அந்தச் சின்னம் 1951-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இதை உறுதியாகச் சொல்லலாம். பிரெஞ்சு மட்டும் இருந்தால் அது முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். கடையில் தேங்கிய பழைய சரக்கு ஆணை மாறிய மறுநாளே உருக்கப்படுவதில்லை.

இன்னொன்று, இந்தக் கணக்கு ஆர்டர்களுக்கு மட்டும். 1919-இல் நிறுவிய வெற்றிப் பதக்கத்தின் பின்பக்கத்தில் ‘நாகரிகத்துக்கான பெரும் போர்’ என்ற வாசகம் அப்போதே பிரெஞ்சிலும் டச்சிலும் இருந்தது. சிற்பி பால் துபுவா வடித்த பதக்கம் அது. இரு மொழி என்பதற்காக அதை 1950-களுக்குத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாளும் நங்கூரமும்

லியோபோல்ட் ஆர்டரில் சிலுவைக்கும் மகுடத்துக்கும் இடையில் ஒன்றும் இல்லையென்றால் அது குடிமைப் பிரிவு. குறுக்கு வாள்கள் இருந்தால் ராணுவம், குறுக்கு நங்கூரங்கள் இருந்தால் கடற்பிரிவு. கடற்பிரிவு தொடங்கியதே 1934-இல்தான். முதல் உலகப் போர்க் கடற்படை அதிகாரியுடையது என்று நங்கூரத்தோடு ஒன்று வந்தால், விலையைப் பார்க்காமலே நகர்ந்துவிடலாம்.

வாள் விஷயம் இன்னும் நுட்பம். ராணுவப் பிரிவுக்குக் கேட்பவர் அதிகம் என்பதால் குடிமைச் சிலுவையில் வாளைப் பற்றவைத்து விற்பது உண்டு. பத்து மடங்கு லென்ஸை எடுத்து வாள் இணையும் இடத்தைப் பாருங்கள். பற்றவைப்பு உருண்டு திரண்டு வெளியே வழிந்திருக்கிறதா? வாளின் நிறம் மகுடத்தின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா? பக்கத்திலுள்ள எனாமலில் சூடு பட்ட வெடிப்பு உண்டா? நூறு வருடம் ஒன்றாகவே கறுத்த இரண்டு உலோகத் துண்டுகள் பள்ளங்களிலும் ஒன்றுபோலவே கறுத்திருக்கும். வாள் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது நேற்று வந்த விருந்தாளி.

பெயர்க் குழப்பம்

லியோபோல்ட் ஆர்டர் வேறு, இரண்டாம் லியோபோல்ட் ஆர்டர் வேறு. முன்னதில் வெள்ளை எனாமல் சிலுவை, நடுவட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், ஊதா நாடா. பின்னதில் எனாமல் இல்லாத வெறும் உலோகச் சிலுவை, நீல வளையம், நீல நாடாவின் நடுவே கறுப்புக் கோடு. இரண்டிலும் சிங்கம் இருப்பதால் படத்தை அவசரமாகப் பார்ப்பவர் ஏமாறுவார்.

வரலாற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆப்பிரிக்க விண்மீன் ஆர்டர் (1888), மகுட ஆர்டர் (1897), இரண்டாம் லியோபோல்ட் ஆர்டர் (1900) மூன்றையும் இரண்டாம் லியோபோல்ட் நிறுவியது பெல்ஜிய அரசராக அல்ல, தம் சொந்த ஆட்சியில் வைத்திருந்த காங்கோ சுதந்திர அரசின் தலைவராக. ரப்பருக்காக மக்களைக் கொடுமைப்படுத்திய அதே அரசுதான். 1908-இல் பெல்ஜியம் காங்கோவை எடுத்துக்கொண்டபோதே இவை பெல்ஜிய விருதுகள் ஆயின. 1902-இல் ஒருவர் பெற்ற மகுட ஆர்டரை ‘பெல்ஜிய விருது’ என்று அட்டையில் எழுதினால் அந்தக் கதை முழுதும் மறைந்துபோகும். காங்கோ காலத்துப் பொருளுக்கு விலை கூடுதல் என்பதால் போலியும் அங்கே கூடுதல். வார்ப்புப் போலியில் சிங்கத்தின் பிடரிமயிர் மழுங்கியிருக்கும், தட்டையான பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள் தெரியும். அச்சில் அடித்த அசலில் கோடுகள் கூர்மையாக நிற்கும்.

ஒரே மாதிரி இல்லையே!

பெல்ஜியத்தில் விருது பெற்றவர் சின்னத்தைத் தாமே கடையில் வாங்கிக்கொள்வது வழக்கம். வோல்ஃபர்ஸ், ஃபோன்சன், டி கிரீஃப், ஃபிப்ரு என்று பல பிரஸ்ஸல்ஸ் நிறுவனங்கள் செய்து விற்றன. ஆகவே ஒரே வகுப்புச் சிலுவை அளவிலும் எடையிலும் சிங்கத்தின் முகத்திலும் மாறுபடும். காசுள்ளவர்கள் நகைபோலச் சிறிதாக, கல் பதித்தும் செய்துகொண்டார்கள். புத்தகப் படத்தோடு பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போலி என்று ஒதுக்காதீர்கள். உலோகத்தின் தரத்தைக் காட்டும் ஹால்மார்க் இல்லை என்பதும் குற்றமில்லை. பெல்ஜியத்தில் 1869 முதல் அந்த முத்திரை கட்டாயம் இல்லாமல் போனது. மஞ்சளாக மின்னுவதைத் தங்கம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். முலாம் பூசிய வெள்ளியும் வெண்கலமும் ஏராளம்.

நாடாவுக்கு ஒரு வார்த்தை. யூவி டார்ச் வெளிச்சத்தில் நூல் நீலவெள்ளையாகப் பளபளத்தால், வெண்மையூட்டும் வேதிப்பொருள் அதில் உண்டு. அப்படிப்பட்ட நூல் பொதுவாக இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. ஆனால் பழைய நாடாவை யாராவது சோப்புப் பொடியில் துவைத்திருந்தாலும் மின்னும். தவிர, நாடா புதிது என்பதால் பதக்கமும் புதிது ஆகிவிடாது. நைந்த நாடாவை மாற்றி அணிந்தவர்கள் பலர்.

பளபளப்பாக்குவதுபற்றிச் சொல்லாமல் விட முடியாது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆர்வத்தோடு வெண்கலப் பதக்கத்தைத் தொடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறத்தைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது, விலையும் அதோடு போய்விடும். எனாமல் உள்ளதை அல்ட்ராசோனிக் கருவியில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சில்லாகப் பெயர்ந்து வரும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

காகிதத்தை விட்டுவிடாதீர்கள்

பல பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் பெயர் இருக்கும். பெல்ஜியப் பதக்கங்களில் பொதுவாக அது இல்லை. யாருக்குக் கிடைத்தது என்பதைச் சொல்வது விருதுச் சான்றிதழ்தான். அதில் பெயர், படைப்பிரிவு, ஆணையின் தேதி எல்லாம் இருக்கும். எத்தனையோ வாரிசுகள் பதக்கத்தை விற்றுவிட்டுச் சான்றிதழைப் பழைய பேப்பரோடு போடுகிறார்கள், விற்பவரிடம் கேட்டால் சில சமயம் சும்மாவே கொடுப்பார். அதேபோல ஒரே கம்பியில் கோத்த ஐந்தாறு பதக்கங்களைப் பிரித்து வாங்காதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தாலும் சரி. நெருப்புச் சிலுவை, ஈசர் சிலுவை, வெற்றிப் பதக்கம், போர்ச் சிலுவை என்று கோத்த வரிசைதான் அந்த மனிதர் எங்கே நின்றார் என்பதற்கு மிச்சமிருக்கும் ஆதாரம். அந்த வரிசையிலும் சந்தேகக் கண் வேண்டும். பதக்கங்களுக்கு அடியில் நாடா மங்காமல் இருக்கும் இடம் இப்போது பதக்கம் தொங்கும் இடத்தோடு பொருந்தாவிட்டால், வரிசை பின்னால் சேர்த்தது.

வாங்கிய அன்றே ஏலப் பக்கத்தைப் படங்களோடு சேமித்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். சில மாதங்களில் அந்தப் பக்கம் இணையத்திலிருந்து போய்விடும், அடுத்து வாங்குபவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.