அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் இடம் காணோமா?

சிம் லிம் ஸ்குவேருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கக் கிளம்பும் முன், விண்டோஸ் லேப்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதை டிக் செய்து நீக்கிப் பாருங்கள். பெரிய அப்டேட் வரும்போது, புதியது சரிப்படாவிட்டால் திரும்பிப் போவதற்காக விண்டோஸ் பழைய பதிப்பைச் சி டிரைவிலேயே வைத்துக்கொள்ளும். அதுவே பல ஜிபியை விழுங்கிவிடும். 256 ஜிபி லேப்டாப்பில் அது சின்ன விஷயமில்லை.

அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ இருந்தால் அதில் மட்டும் டிக் வேண்டாம். சிபிஎஃப் (மத்திய சேம நிதி) ஸ்டேட்மென்ட், பிள்ளைகளின் பள்ளிப் பாடத்தாள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

நீக்கியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் மக்கர் செய்கிறதென்றால் கொஞ்சம் பொறுங்கள். அப்டேட் ஆகி 10 நாள் தாண்டிவிட்டதா? விண்டோஸே பெரும்பாலும் அதை அழித்திருக்கும், இந்த வழி உதவாது.