ரோஜா நிற அணில், நீலக் கீரி: கண்டதும் செய்யக்கூடாதவை

போன மாதம் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வீடியோ அனுப்பியிருந்தார். சாயம் பட்டு வயிறும் நாலு கால்களும் ரோஜா நிறமாகிப் போன ஒரு அணிலை வாளித் தண்ணீரில் பிடித்து ஷாம்பு போட்டுத் தேய்க்கிறார்கள். "அண்ணா, பாதி போயிடுச்சு, மீதியும் போயிடும்" என்று பின்னால் ஒரு குரல். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்தான் என்னைப் பிசைந்தது, ஏனென்றால் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே வேலையை இதே சந்தோஷத்தோடு நானும் செய்திருக்கிறேன்.

வழக்கமில்லாத நிறத்தில் ஒரு விலங்கைக் கண்டால் வண்ணம் கூட்டிய படத்தை நம்பாதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள் வேறு.

வெள்ளையாக இருந்தாலே அல்பினோ என்று எழுதுவது

கண்ணைப் பாருங்கள். உடம்பில் மெலனின் என்ற நிறமி அறவே இல்லாவிட்டால் கண் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதுதான் அல்பினோ. முடி வெளுத்து, கண் வழக்கம்போலக் கறுப்பாகவே இருந்தால் அது லூசிசம். வெள்ளைப்புலி இரண்டும் இல்லை. அதற்குக் கோடுகள் அப்படியே இருக்கின்றன, கண் நீலம்.

கருஞ்சிறுத்தையைத் தனி இனம் என்பது

சிறுத்தையேதான். வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் புள்ளிகள் தெரியும்.

நிறம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்காதது

புதிதாக வருகிறவர்கள் "பச்சை கலர் முயல் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லுவார்கள். எந்தப் பச்சை என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. உடம்பில் எந்த இடம் என்பதுதான் முதல் கேள்வி. சாயத் தண்ணீரில் இறங்கி வந்த விலங்குக்குப் பாதம், வயிறு, வால் நுனி என்று கீழிருந்து மேலே நிறம் ஏறியிருக்கும், விலாவில் தண்ணீர் நின்ற மட்டம் ஒரு கோடாகவே தெரியும். அணிலாக இருந்தால் சாயத்துக்கு அடியில் முதுகின் மூன்று வரிகளும் மங்கலாக இருக்கும். பிறவியிலேயே வந்த நிறம் அப்படித் தண்ணீர் மட்டம் பார்த்து நிற்காது. முடியின் வேரிலேயே இருக்கும். சாயம் பட்டு நாளாகியிருந்தால் வேர்ப்பக்கம் பழைய நிறத்தில் புதுமுடி எட்டிப் பார்க்கும். நல்ல லென்ஸில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

வாயைச் சுற்றி மட்டும் ரோஜா நிறமோ நீலமோ இருந்தால் அவசரம். விதைநேர்த்தி செய்த விதைக்கு மருந்தோடு நிறமும் சேர்ப்பது, இதைத் தின்னாதே என்று மனிதனுக்குச் சொல்லத்தான். அணிலுக்கும் முயலுக்கும் மயிலுக்கும் அந்தப் பாஷை தெரியாது. அப்படி ஒரு விலங்கைப் பார்த்தால் பக்கத்து வயலில் புதிதாக ஏதாவது விதைத்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். 2025-ல் கலிஃபோர்னியாவில் காட்டுப்பன்றிகளை அறுத்தபோது உள்ளே சதையும் கொழுப்பும் நீலமாக இருந்தன. டைஃபாசினோன் என்ற எலிமருந்துத் தீனியில் கலந்திருந்த சாயம் அது. அந்த இறைச்சியைச் சாப்பிடாதீர்கள் என்று அங்குள்ள வனவிலங்குத் துறை எச்சரித்தது. வெளியே பார்த்தால் சாதாரணப் பன்றி.

பிடித்துக் குளிப்பாட்டுவது

2010 கோடை. நொய்யலில் போய்ச் சேரும் ஒரு பள்ளத்தின் ஓரம், தோட்டத்து வேலிக்கடியில் ஒரு கீரி, இடுப்புக்குக் கீழே முழுக்க நீலம். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்கு முந்தின வருடம் அது, அந்தப் பள்ளத்தில் ஒரு நாள் சிவப்பு ஓடும், மறுநாள் ஊதா ஓடும். கீரி தளர்ந்திருந்தது, ஆனால் நடந்தது. நடக்கிற விலங்கை விட்டிருக்க வேண்டும். நானும் நண்பரும் கோணிச் சாக்கைப் போட்டு அமுக்கினோம், மோட்டார் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய், போர் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து முக்கால் மணி நேரம் தேய்த்தோம். நீலம் கொஞ்சம் வெளிறியதே தவிரப் போகவில்லை. எப்படிப் போகும்? எத்தனை தடவை துவைத்தாலும் துணியை விட்டுப் போகக்கூடாது என்றே செய்த சாயம் அது. அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டு, ஒரு உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு தூங்கப் போனோம். விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படிப் பிடித்தீர்கள், எவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்கள் என்றுதான் கேட்டார். காட்டு விலங்கை அமுக்கிப் பிடித்தால், பயத்தில் அது திமிறத் திமிறத் தசை சிதைய ஆரம்பிக்கும், சிதைந்த தசையிலிருந்து வருவது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் அடிக்கும். கேப்சர் மயோபதி என்று பெயர். கையை விட்ட பிறகும், சில நேரம் நாட்கள் கழித்துக்கூடக் கொல்லும். அதோடு சோப்பு முடியிலிருக்கும் எண்ணெயை எடுத்துவிடும். முடி அடி வரை நனைந்த சின்ன உடம்புக்கு ஒரு ராத்திரியின் குளிரே போதும்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதற்கு அப்புறம் நடந்தது. கீரி எந்தத் தண்ணீரில் விழுந்தது என்று கேட்டவர்களிடம் காட்ட எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. முடியைத் தேய்த்துவிட்டோம், கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு விட்டுவிட்டோம், பள்ளத்தில் அதற்குள் வேறு நிறம் ஓடிக்கொண்டிருந்தது. படம்கூட இல்லை. அந்த நீலம்தான் எங்களிடம் இருந்த ஒரே சாட்சி. அதை நாங்களே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அழித்திருக்கிறோம்.

2017 ஆகஸ்டில் நவி மும்பையின் தலோஜா தொழிற்பேட்டையில் தெருநாய்கள் நீலமாகத் திரிந்தது பலருக்கு நினைவிருக்கும். நாய்தான், காட்டுயிர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அங்கே நிறத்தோடு எடுத்த படங்கள் முதலில் வெளியே வந்தன, புகார் போனது, நாய்கள் நுழைந்து வந்த ஆலையை மூட மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. யாராவது இரக்கப்பட்டு அன்றைக்கே எல்லா நாய்களையும் குளிப்பாட்டியிருந்தால் ஆலைக் கழிவு கலந்த கசாடி ஆற்றைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

நடக்கிறதா, ஓடுகிறதா, விட்டுவிடுங்கள். முடி உதிர்ந்து புதுமுடி வரும்போது சாயமும் சேர்ந்து போய்விடும். தள்ளி நின்று படம் எடுங்கள், நேரத்தையும் இடத்தையும் அங்கேயே எழுதுங்கள், பக்கத்திலுள்ள ஓடையிலோ குட்டையிலோ சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாரோ ஆயிலோ ஒட்டிக் கண் திறக்க முடியாமல் விழுந்து கிடக்கிறதா, அப்போதும் வனத்துறையும் மருத்துவரும் வந்து தொடட்டும். அனுமதியில்லாமல் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம்.

எல்லாமே சாயம் என்று முடிவு கட்டுவது

இது என்னைப் போல ஒருதடவை சூடுபட்டவர்களின் தவறு. கோஸ்டா ரிகாவில் கறுப்பாக இருக்க வேண்டிய ஹவுலர் குரங்குகளுக்குக் கையிலும் காலிலும் வாலிலும் மஞ்சள் திட்டுகள் வந்தன. மேலே எதுவும் ஒட்டவில்லை, முடியிலிருக்கும் நிறமியே மாறியிருந்தது. கறுப்பு நிறமிக்குப் பதில் கந்தகம் கலந்த மஞ்சள் நிறமி உண்டாகியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அன்னாசி, வாழைத் தோட்டங்களில் அடிக்கும் கந்தகம் சேர்ந்த பூச்சிமருந்து இலை வழியாக உள்ளே போவதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆக, இங்கேயும் குரங்கைவிடத் தோட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1970-களின் கடைசியில் சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் பனிக்கரடிகள் பச்சையானபோது பாசி முடிக்கு மேலே இல்லை, உள்ளீடற்ற முடியின் உள்ளுக்குள் வளர்ந்திருந்தது. தேய்த்து என்ன பயன்? உப்புக் கரைசலில்தான் போயிற்று.

ஒடிசாவின் சிமிலிபாலில் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்பாகத் தெரியும் புலிகள் வேறு கதை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினர் 2021-ல் அதற்குக் காரணமான ஒற்றை மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். மற்ற காடுகளோடு தொடர்பு அறுந்த சிறு கூட்டம், உறவுக்குள்ளேயே குட்டி போடுகிறது. நம் வண்டலூரிலும் இப்படிப்பட்ட புலிகள் உண்டு.

இடத்தைப் பொதுவில் போடுவது

போடாதீர்கள். வனத்துறைக்கு மட்டும்.

ஈர முடியைப் பிளாஸ்டிக் கவரில் போடுவது

வேலியிலோ வளை வாயிலோ சாயம் பட்ட முடி சிக்கியிருந்தால் இடுக்கியால் எடுத்து, நிழலில் உலர்த்திக் காகிதக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடித்துவிடும். கவரை ஒட்டுவதற்கு முன்னால் அதன் மேல் தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரம் பட்டால் கலைந்துவிடும்.