பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? கடைசியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் பெரியவள் பத்தாம் வகுப்பு முடித்தபோது அவளுடைய குரூப் பள்ளி அலுவலக வாசலில், கால் மணி நேரத்தில் முடிவானது. கணக்கு என்றால் அவளுக்கு வேப்பங்காய். "அப்போ கணக்கே இல்லாத பியூர் சயின்ஸ் போட்டுடுங்க சார், டாக்டருக்குப் படிக்கலாம்" என்றார்கள். போட்டோம். இரண்டு வருடம் கழித்து நீட் கைகொடுக்கவில்லை. "சரிப்பா, பி.டெக். பயோடெக்னாலஜி படிக்கிறேன்" என்றாள். பேரிலேயே பயோ இருக்கிறதே என்று நானும் தலையாட்டினேன். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த ராத்திரிதான் விஷயம் தெரிந்தது: அதற்கும் கணிதம் வேண்டும்.

இப்போது அவள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. நன்றாகவே படிக்கிறாள், குறையில்லை. ஆனால் அது நாங்கள் தேர்ந்தெடுத்தது இல்லை, மிச்சமிருந்தது. போன வருடம் சின்னவனின் முறை வந்தபோது வேறு மாதிரி செய்தோம்: பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பு என்பதிலிருந்து தொடங்கி, பின்னோக்கி வந்து குரூப்பைப் பிடித்தோம். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆறு பாடம், 600 மார்க் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

1. வேலையை எழுதாதீர்கள், படிப்பை எழுதுங்கள்

"டாக்டர்", "விமானி" என்று எழுதினால் எங்கும் போய்ச் சேராது. எம்.பி.பி.எஸ்.ஸா, கால்நடை மருத்துவமா, சித்தாவா? படிப்பின் முழுப் பெயர் வேண்டும். நான்கைந்து போதும். அதில் ஒன்றாவது உங்களுக்குப் பிடிக்காத, பிள்ளைக்குப் பிடித்த படிப்பாக இருக்கட்டும். இல்லையென்றால் அது உங்கள் பட்டியல், அவனுடையது அல்ல.

எங்கள் பையன் எழுதியது: கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், கால்நடை மருத்துவம், விமானி உரிமம், சட்டம். (கால்நடை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிதான் காரணம்.)

2. ஒவ்வொன்றுக்கும் "தகுதி" பக்கத்தைத் தேடுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சேர்க்கைக்கான தகவல் கையேட்டில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கும். ஒன்று தகுதி: எந்தெந்தப் பாடங்களைப் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். இன்னொன்று கட்-ஆஃப்: விண்ணப்பித்தவர்களை எப்படி வரிசைப்படுத்துவார்கள். ஊரில் எல்லோரும் பேசுவது இரண்டாவதைப் பற்றித்தான். "அந்த காலேஜுக்கு 190 வேணும்" என்பார்கள். முதலாவதில் தவறினால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

நம் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃபை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாதி மார்க் கணிதத்தில் இருக்கிறது. அது இல்லாதவளுக்கு எந்தக் கட்-ஆஃப் போடுவது? பயோடெக்னாலஜிக்கும் அதே கணக்குதான். கணிதம் இல்லாமல் உயிரியலை வைத்து அந்தப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆனால் கலந்தாய்வு வேறு, அவர்களுடைய சேர்க்கை வேறு, கட்டணமும் வேறு.

கையேட்டை எங்கே பார்ப்பது? பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில், போன வருடத்து பிடிஎஃப்பைப் பாருங்கள். யூடியூப் வீடியோக்களை நான் நம்புவதில்லை. கன்சல்டன்சிக்காரர்களை அதைவிடக் குறைவாக நம்புகிறேன். போனில் படிக்காதீர்கள், அடிக்குறிப்புகள் கண்ணில் படாது. கணினி இல்லையென்றால் பிரவுசிங் சென்டரில் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுங்கள்.

3. கட்டம் போடுங்கள்

எக்செல் எல்லாம் வேண்டாம், லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கம் போதும். இடப்பக்கம் படிப்புகள், மேலே பாடங்கள். கட்டாயப் பாடத்துக்கு நேரே டிக் போடுங்கள்.

எங்கள் கட்டத்தில் வந்தது இது. இன்ஜினியரிங்குக்கு இயற்பியல், வேதியியல், கணிதம். கால்நடை மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல். (நம் மாநில இடங்களுக்கு இதில் நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். பல பேருக்கு இது தெரியாது.) வர்த்தக விமானி உரிமத்துக்கு இயற்பியல், கணிதம். சட்டத்துக்கு எந்த குரூப்பும் சரி, அந்த வரிசை முழுக்கக் காலி.

நான்கையும் திறந்து வைக்கிற ஒரே குரூப் பயோ மேத்ஸ் (இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்). உடனே அதை எழுதிவிட நினைத்தேன். பையன்தான் நிறுத்தினான். உயிரியல் பாடப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கி ஒரு வாரம் புரட்டிவிட்டு, கால்நடை வரிசையை அவனே அடித்தான். ஆட்டுக்குட்டி பிடிக்கும், விலங்கியல் பிடிக்காது. சரி.

"பயோ மேத்ஸ் எடுத்தா எல்லாக் கதவும் திறந்திருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கணக்கையும் உயிரியலையும் ஒன்றாகச் சுமக்க முடியாத பிள்ளைக்கு நான்கு பாடத்திலும் மார்க் குறையும். கதவு திறந்திருக்கும், உள்ளே போக மார்க் இருக்காது.

4. நான்காவது பாடம்

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு நான்காவதாக கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. மேலே சொன்ன 200-இல் அதற்கு ஒரு மார்க்கும் இல்லை. பிடித்திருந்தால் எடுக்கலாம், அவ்வளவுதான். எங்கள் பையன் பிடித்துத்தான் எடுத்தான்.

5. பள்ளியில் அந்த குரூப் இருக்கிறதா?

மே மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. சேர்ந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு வரை இழுத்தால் விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பதே பெரும்பாடு.

காமர்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு

சி.ஏ.வுக்கு காமர்ஸ் கட்டாயமில்லை, எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். காமர்ஸ் எடுத்திருந்தால் முதல் கட்டத்தில் கணக்குப்பதிவியல் புதிதாக இருக்காது, அது ஒரு வசதி. காமர்ஸிலேயே கணினிப் பயன்பாடுகளா, வணிகக் கணிதமா என்று தேர்வு வந்தால் நான் வணிகக் கணிதத்தைச் சொல்வேன். பொருளியல், புள்ளியியல், கணினி பட்டப்படிப்புகளில் கணக்கு கேட்கும் கல்லூரிகள் நிறைய. ஆனால் "கணிதம்" என்று போட்டிருக்கும் இடத்தில் வணிகக் கணிதம் செல்லுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பிற்சேர்க்கை: ஏற்கெனவே தவறிவிட்டது என்றால்

இதை எழுதிய பிறகு மூன்று பேர் இதையே கேட்டார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், பிளஸ் டூ முடித்தவர்கள் விட்டுப்போன பாடத்தை மட்டும் தனியாக எழுதலாம். விமானி ஆக நினைக்கும் காமர்ஸ் பிள்ளைகள் இயற்பியலும் கணிதமும் எழுதுவது இந்த வழியில்தான். உயிரியலை இப்படிக் கூடுதல் பாடமாக முடித்தவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

மற்ற படிப்புகளில் தனியாக எழுதிய பாடத்தை ஏற்பார்களா என்று, பணம் கட்டும் முன் அந்தந்தச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் எனக்கு ஒரே அலுவலகத்தில் இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னார்கள்.