லோகோவை வெக்டராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு புறக்கோட்டையில் பெயர்ப்பலகை செய்பவரிடம் லோகோவைக் கொண்டுபோனால் அவர் முதலில் கேட்பது, "வெக்டர் இருக்கா?" வெக்டர் என்றால் பிக்சலால் அல்லாமல் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோப்பு. கடைக்காரரிடம் இருப்பதோ யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு ஜேபெக் படம். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டுப்படுவது டிசைனர். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மங்கலான படத்தை எடுக்காதே, அடிக்கடி சேவ் பண்ணு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காமலே வரையத் தொடங்குவது

பில் புத்தகம் அடித்த அச்சகத்தில் மூலக் கோப்பு கிடக்கலாம். கடையின் கடிதத்தாள் பிடிஎஃப் ஆக இருந்தால் அதை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூராகவே நின்றால் உள்ளே இருப்பது வெக்டர். வேலை முடிந்தது.

படத்தை வைத்துவிட்டு ஏஐ என்று சேமிப்பது

ஏஐ, ஈபிஎஸ் இரண்டும் வெக்டர் வைக்கும் கோப்பு வகைகள் (.ai, .eps). ஆனால் ஜேபெக் படத்தை உள்ளே போட்டு ஏஐ என்றோ ஈபிஎஸ் என்றோ பெயர் மாற்றினால் அது வெக்டர் ஆகாது. இன்றைக்கும் வாரம் ஒன்றாவது வருகிறது.

எழுத்தை ட்ரேஸ் செய்வது

ட்ரேஸ் என்றால் படத்தைப் பார்த்து மென்பொருளையே கோடு போட விடுவது. இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தீராத விஷயம்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு புதுக்கடை. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் லோகோவை ட்ரேஸ் செய்து வெக்டராக்கிக் கொடுத்தான். கிளாடிங் பலகை, மேலே அக்ரிலிக் எழுத்து, உள்ளே எல்ஈடி. திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு பலகை ஏறியது. காலையில் குத்துவிளக்கு ஏற்ற வந்த முதலாளியின் மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, ஸ்டோர்ஸுக்குப் புள்ளி எங்கே?" மேலே 'ஸடோரஸ' என்று நல்ல வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது. மூன்று புள்ளியில் ஒன்றுகூட இல்லை.

எழுத்தை வெட்டியவர் சிங்களவர். கோப்பில் இருந்ததை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டியிருந்தார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரி, மூன்று வட்டம் தனியாக வெட்டி ஒட்டிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. புள்ளி இல்லாத உயரத்துக்கு அளந்துதான் பலகையின் சட்டத்தை அடித்திருந்தார்கள். புள்ளி வைத்தால் சட்டத்துக்கு வெளியே நிற்கும். முழுப் பலகையையும் கழற்றித் திரும்பச் செய்தார்கள், பையனின் செலவில்.

புள்ளி எங்கே போனது? இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸில் நொய்ஸ் என்று ஒரு அளவு இருக்கிறது. அந்தப் பரப்பைவிடச் சிறியதாக எது இருந்தாலும் தூசி என்று தூக்கி எறிந்துவிடும். வழக்கமாக அது 25 பிக்சலில் நிற்கும். வட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தில் ஒரு புள்ளியின் குறுக்களவு 5 பிக்சல் என்று வையுங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 20 பிக்சல்தான். மென்பொருளின் கணக்கில் அது தூசி. ஆங்கிலத்தில் சிறிய ஐ, ஜே என்ற இரண்டு எழுத்துக்குத்தான் தலையில் புள்ளி. ஒரு வரிக்கு நாலைந்து புள்ளி வைக்கும் நம்மைப் பற்றி அந்த அளவை வைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் இதே வேலையை ஸ்பெக்கில்ஸ் என்ற அளவு செய்கிறது. மூன்று மொழியிலும் பெயர் உள்ள லோகோ என்றால் சிங்கள எழுத்தின் சின்னச் சுழிகளையும் பாருங்கள், உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போயிருக்கும்.

உடனே நொய்ஸை 1க்கு இறக்குவார்கள். அப்போது புள்ளி வரும், கூடவே ஜேபெக் சுருக்கத்தால் எழுத்தைச் சுற்றிப் படிந்த அழுக்கும் நூறு துண்டுகளாக வரும். புள்ளியும் வட்டமாக வராது, கடித்த பட்டாணி மாதிரி வரும். வெட்டும் இயந்திரமான கட்டரின் கத்தி அந்தக் கோணல் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போகும்.

எழுத்தை ட்ரேஸ் செய்யாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள். எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க ண, ழ, ஸ மூன்றையும் பார்த்தால் பாதி வேலை முடியும். இங்கே பழைய கடை லோகோக்களில் முதலில் தேட வேண்டியது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவும் அதே வகைப் பழைய எழுத்துருக்களும். யுனிகோட் எழுத்துரு என்றால் இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரை இயக்கிவிட்டுத் தட்டுங்கள். இல்லாவிட்டால் 'டோ'வின் கொம்பு டகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்புறம் மறக்காமல் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றுங்கள். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் கடைப்பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

எழுத்துரு கிடைக்கவே இல்லையா? படத்தை மங்கலாக்கிப் பூட்டிவிட்டு மேலே பென் டூலால் வரையுங்கள். கோட்டின் வடிவைப் பிடித்துவைக்கும் முனைகளைத்தான் நோட் என்கிறோம். சீரான தடிப்புள்ள ஒரு 'ட'வுக்கு ஆறு நோட் போதும், ஆறும் மூலைகள். இதையே ட்ரேஸ் செய்து பாருங்கள், மூலையெல்லாம் சவர்க்காரம் கரைந்த மாதிரி உருண்டு, நேர்க்கோட்டின் நடுவிலும் நோட்கள் முளைத்திருக்கும். புள்ளிக்கு எலிப்ஸ் டூல். ஒன்றைச் சரியான அளவில் போட்டு மற்ற இடங்களுக்குக் கொப்பி பண்ணினால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். முடித்ததும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உங்கள் கண் இல்லாத புள்ளியையும் தானே போட்டுக்கொள்ளும்.

வைனில் ஸ்டிக்கராக வெட்டுவதென்றால் புள்ளிக்கு இன்னொரு கண்டமும் உண்டு. தேவையில்லாத பகுதியை உரிக்கும்போது சின்னப் புள்ளிகள் அதோடு சேர்ந்து வந்துவிடும். முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடி அளவுக்கு வெட்டும்போது புள்ளியைக் கொஞ்சம் பெருப்பித்துக் கொடுப்பதில் தப்பில்லை.

நோட்களைக் கொட்டுவது

வட்டத்துக்கு நான்கு. மேலே, கீழே, இடம், வலம். மற்ற வளைவுகளுக்கும் அந்த உச்சிகளில்தான் முதல் நோட் விழ வேண்டும். இந்த மென்பொருள்கள் வரையும் பெசியர் வளைவை 1960களில் பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவில் கார் உடல் வடிவமைக்கப் பயன்படுத்தினார்கள். ஒரு கார்க் கதவின் வளைவையே சில நோட்டில் சொல்ல முடிந்ததென்றால் ஒரு தேநீர்க் கோப்பையின் பிடிக்கு அறுபது நோட் எதற்கு?

கோட்டைக் கோடாகவே விடுவது

3 பொயின்ட் தடிப்புள்ள ஸ்ட்ரோக் திரையில் பட்டையாகத் தெரியும். கட்டர் அதன் நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போடும். கோட்டை வடிவமாக மாற்றும் அவுட்லைன் ஸ்ட்ரோக் கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வடிவங்களையும் ஒன்றாக்கிவிட்டு அனுப்புங்கள். ஏறியபடி விட்டால் கத்தி உள்ளேயும் வெட்டி ஸ்டிக்கர் துண்டு துண்டாக வரும்.

வெள்ளைப் பெட்டி

படத்தின் வெள்ளைப் பின்னணியும் ஒரு வடிவமாக லோகோவோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பின்னால் ஒரு சிவப்புச் சதுரத்தைப் போட்டுப் பாருங்கள். தெரிந்துவிடும்.

நிறத்தைப் படத்திலிருந்து உறிஞ்சுவது

ஐட்ரொப்பரால் தொட்டால் ஒரே சிவப்பில் பத்து வகை வரும். கடைக்காரரிடம் பழைய விசிட்டிங் கார்டை வாங்கி, அச்சகத்தில் உள்ள பான்டோன் நிற இலக்கப் புத்தகத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவது

பிடிஎஃப் ஆக, இமெயிலில். வட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் டொக்கியுமென்டாக. ஸ்க்ரீன்ஷொட் எடுத்து அனுப்புகிறவர்களிடம் நான் பேசுவதில்லை.